தோற்றாலும் லாபம்: ஹூஸ்டன் மெத்தைக் கடைக்காரரின் பந்தயக் கணக்கு

2022 நவம்பர் 5 இரவு, ஹூஸ்டன் நகரின் மினிட் மெய்ட் பார்க் மைதானத்தில் ஆஸ்ட்ரோஸ் அணி பிலடெல்ஃபியா ஃபில்லீஸை 4-1 என்று வீழ்த்தியது. அமெரிக்க பேஸ்பாலின் உலகத் தொடர் கோப்பை ஹூஸ்டனுக்கு வந்தது. ஆறாவது இன்னிங்ஸில் யோர்டான் அல்வாரெஸ் அடித்த ஒரே அடியில் மூன்று ரன்கள் வந்ததுதான் ஆட்டத்தின் திருப்பம். ஆட்டம் முடிந்த கையோடு, பேஸ்பாலைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் படித்த செய்தி ஒன்று வெளியானது. அந்த ஊரில் மெத்தையும் சோபாவும் விற்கும் ஒரு கடை முதலாளி, அந்த வெற்றியின் மேல் பந்தயம் கட்டி சுமார் 7.5 கோடி டாலர் வென்றிருக்கிறார்.

அவர் பெயர் ஜிம் மெக்கிங்வேல். ஊர் கூப்பிடுவது 'மேட்ரஸ் மேக்' என்று. பல பந்தய நிறுவனங்களில் பிரித்துப் பிரித்து அவர் கட்டியிருந்த தொகை மொத்தம் 1 கோடி டாலர் அளவுக்கு வரும். அதில் ஒன்று, மே மாதத்திலேயே சீசர்ஸ் நிறுவனத்தில் 10-க்கு 1 என்ற விலையில், அதாவது வென்றால் கட்டியதைப் போல பத்து மடங்கு லாபம் என்ற கணக்கில், கட்டிய 30 லட்சம் டாலர். அது மட்டுமே 3 கோடி டாலரைக் கொண்டுவந்தது. சட்டப்படி நடக்கும் விளையாட்டுப் பந்தயங்களில் அதுவரை ஒரே சீட்டுக்குக் கிடைத்த மிகப் பெரிய தொகை அதுதான் என்று அப்போது சொன்னார்கள்.

அந்தப் பணத்தின் பெரும்பகுதி அவர் வீட்டுக்குப் போகவில்லை. அவருடைய கடையில் 3,000 டாலருக்கு மேல் மெத்தை முதலான சாமான் வாங்கியவர்களுக்குப் போனது. ஆஸ்ட்ரோஸ் கோப்பையை வென்றால், வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்கைத் திருப்பித் தருவேன் என்று அவர் சீசன் முழுக்க விளம்பரம் செய்திருந்தார். அணி வென்றது, சொன்னபடி கொடுத்தார். அவரைப் பெரிய சூதாடி என்று எழுதிய செய்திகள் பலவும் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டன. எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவதே இந்த இடம்தான்.

மெக்கிங்வேல் 1951-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். 1981-ல் மனைவி லிண்டாவோடு சேர்ந்து ஹூஸ்டனின் வடக்கே, 45-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி கேலரி ஃபர்னிச்சர் கடையை ஆரம்பித்தார். கையில் இருந்தது சில ஆயிரம் டாலர்தான் என்று சொல்வார்கள். கடையைத் தூக்கி நிறுத்தியது தொலைக்காட்சி விளம்பரம். நோட்டுக் கட்டைக் கையில் பிடித்து, கேமரா முன் குதித்துக்கொண்டே, எங்கள் கடையில் உங்கள் பணம் மிச்சமாகும் என்று வேகமாகக் கத்துவார். நாற்பது வருடமாக ஹூஸ்டன்காரர்கள் பார்த்துப் பழகிய முகம் அது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது, அவர் தன் கடைகளைத் திறந்துவிட்டு, வெள்ளத்தில் வீடிழந்தவர்களை விற்பனைக்கு வைத்திருந்த மெத்தைகளிலேயே படுக்கவைத்தார். கடை லாரிகள் தண்ணீரில் மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிவரப் போயின. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்து மின்சாரம் போனபோதும் அதே கடைகள் தங்குமிடம் ஆயின. இதை அவருடைய நல்ல மனசுக்குச் சான்றாக மட்டும் சொல்லவில்லை. அணி ஜெயித்தால் பணம் திரும்பும் என்று ஒரு கடைக்காரர் சொல்லும்போது, இவர் கொடுப்பார் என்று ஊர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை இல்லையென்றால் அந்தச் சலுகையைப் பார்த்து யாரும் கடைக்கு வர மாட்டார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். இது புரிய ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்ளலாம். எண்கள் எளிமைக்காக நான் வைத்தவை, மெக்கிங்வேலின் கணக்குப் புத்தகத்தில் இருப்பவை அல்ல.

அணி வென்றால் முழுப் பணமும் வாபஸ் என்று சொல்லி ஒரு கடை 100 ரூபாய்க்குச் சாமான் விற்கிறது. சாமானின் அடக்க விலை 60 ரூபாய். சலுகையே இல்லாமல் விற்றிருந்தால் 40 ரூபாய் மிஞ்சும். இப்போது அந்த அணி வெல்லும் என்பதற்குப் பந்தய நிறுவனம் 5-க்கு 1 தருகிறது என்று வைப்போம். அதாவது 1 ரூபாய் கட்டினால், வென்றால் கட்டிய 1 ரூபாயும் திரும்பும், அதற்கு மேல் 5 ரூபாயும் வரும். கடைக்காரர் 20 ரூபாய் கட்டுகிறார்.

அணி வென்றது என்றால், பந்தயத்தில் 100 ரூபாய் வரும், கட்டிய 20-ம் திரும்பும். அந்த 100-ஐ வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடலாம். கடைக்கு அதன் 40 ரூபாய் அப்படியே நிற்கிறது. அணி தோற்றது என்றால், கட்டிய 20 போய்விடும், திருப்பிக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. கடைக்கு மிஞ்சுவது 20. ஆட்டம் எப்படிப் போனாலும் கடை நஷ்டப்படவில்லை. வெற்றியில் 40, தோல்வியில் 20.

ஒரு நிகழ்வு நடந்தால் நமக்குச் செலவு வரும் என்றால், அதே நிகழ்வு நடந்தால் நமக்கு வரவும் வரும்படி வேறொரு இடத்தில் ஏற்பாடு செய்துகொள்வது. இதைத்தான் ஹெட்ஜிங் என்கிறார்கள். பெட்ரோலிய விலை ஏறினால் அடிபடும் விமான நிறுவனங்கள், விலை ஏறினால் லாபம் தரும் ஒப்பந்தங்களை முன்கூட்டியே வாங்கி வைக்கும். மெக்கிங்வேல் செய்வதும் அதே வேலை. விமான நிறுவனம் எண்ணெய்ச் சந்தைக்குப் போகிறது, இவர் பந்தய நிறுவனத்திடம் போகிறார்.

மேலே சொன்ன கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அந்தக் கடைக்காரர் 100 ரூபாய் விற்பனைக்கு 20 ரூபாய் செலவழிக்கிறார். அது 20 சதவீதத் தள்ளுபடிக்குச் சமம், அதுவும் அணி தோற்றால் மட்டுமே கையைவிட்டுப் போகும் தள்ளுபடி. ஃபர்னிச்சர் கடைகள் வருடம் முழுக்க ஏதாவது பெயரில் இந்த அளவு தள்ளுபடி தந்துகொண்டேதான் இருக்கின்றன. அமெரிக்காவில் மெத்தைக் கடை வாசலில் தள்ளுபடிப் பலகை இல்லாத நாளே கிடையாது. அதைப் பார்த்து யாரும் பரபரப்படைவதில்லை. ஆனால் உங்கள் ஊர் அணி ஜெயித்தால் கட்டில் இலவசம் என்றால் வீட்டில் பேச்சு கிளம்பும். இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம் என்று நினைத்திருந்த மெத்தையை இந்த மாதமே மாற்றிவிடலாமா என்று கணவனும் மனைவியும் யோசிப்பார்கள்.

அந்த அணி வெல்லும் உண்மையான வாய்ப்பு 14 சதவீதம் என்று வைத்தால், வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் சலுகையின் மதிப்பு சராசரியாக 14 ரூபாய். கடைக்காரருக்கு அதற்காகச் சராசரியாக ஆகும் செலவு 17 ரூபாய் 20 பைசா. நடுவில் உள்ள 3 ரூபாய் 20 பைசா பந்தய நிறுவனத்தின் கமிஷன். வெறும் கணக்காகப் பார்த்தால் கடைக்காரர் கொஞ்சம் அதிகமாகத்தான் கொடுக்கிறார். ஆனால் 14 சதவீதத் தள்ளுபடி என்று பலகை மாட்டினால் வரும் கூட்டத்தைவிட, ஜெயித்தால் இலவசம் என்ற பலகைக்கு வரும் கூட்டம் பல மடங்கு பெரிது. அந்த 3 ரூபாய் 20 பைசாவுக்கு அவர் வாங்குவது அந்தக் கூட்டத்தை. அதனால் மெக்கிங்வேலின் உண்மையான பந்தயம் ஆஸ்ட்ரோஸ் மேல் கிடையாது, வாடிக்கையாளரின் ஆசையின் மேல் என்பது என் எண்ணம்.

இரண்டு மடங்கு வாபஸ் என்ற 2022 சலுகைக்கும் இதே சூத்திரம்தான். 10-க்கு 1 விலை கிடைத்தால் 20 ரூபாய் கட்டி 200 எடுக்கலாம். அதாவது 100 ரூபாய்ச் சாமானுக்கு 200 திருப்பிக் கொடுக்க முடியும். மே மாதத்தில், சீசன் ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே, அவர் சீசர்ஸில் பிடித்த விலை எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே தெரியும். அதே பந்தயத்தை அக்டோபரில், அணி இறுதிச் சுற்றுகளுக்கு வந்த பிறகு கட்டியிருந்தால் விலை பாதிக்கும் கீழே போயிருக்கும்.

காகிதத்தில் எளிதாக இருக்கும் இந்தக் கணக்கு நடைமுறையில் சிக்கலாவதும் இந்தக் காலக் குழப்பத்தால்தான். நல்ல விலை கிடைக்கும் நேரத்தில் எவ்வளவு சாமான் விற்கப்போகிறோம் என்பது தெரியாது. அணி வென்றுகொண்டே போகும்போது சலுகையின் கவர்ச்சி கூடும், விற்பனை பாய்ந்து ஏறும். ஆனால் அதே நேரத்தில் பந்தய விலை இறங்கிக்கொண்டே வரும். கடைசி வாரங்களில் விற்ற ஒவ்வொரு கட்டிலுக்கும் பாதுகாப்பு வாங்க ஆகும் செலவு, ஆரம்பத்தில் ஆனதைப் போல இரண்டு, மூன்று மடங்காகிவிடும். விற்பனையைவிடக் குறைவாகக் கட்டினால் வெற்றி நாளில் கையிலிருந்து கொடுக்க வேண்டும். விற்பனையைவிட அதிகமாகக் கட்டிவிட்டால், அந்த மிச்சப் பகுதி அசல் சூதாட்டமே. இந்த இரண்டுக்கும் நடுவில் மதிப்பிடுவது வியாபாரியின் அனுபவத்தைப் பொறுத்தது.

அவரும் இதைப் படிப்படியாகத்தான் கற்றார் என்று தோன்றுகிறது. 2014 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் ஆட்டத்துக்கு, சியாட்டில் சீஹாக்ஸ் டென்வரைத் தோற்கடித்தால் 6,000 டாலருக்கு மேல் வாங்கியவர்களுக்குச் சாமான் இலவசம் என்றார். பலரும் டென்வர்தான் வெல்லும் என்று எதிர்பார்த்த ஆட்டம் அது. சியாட்டில் 43-8 என்று நொறுக்கியது. கடை 70 லட்சம் டாலரைத் தாண்டித் திருப்பிக் கொடுத்ததாகச் செய்தி வந்தது. ஊர் அவரை நம்ப ஆரம்பித்ததில் அந்த நாளுக்குப் பெரிய பங்கு உண்டு.

2017-ல் ஆஸ்ட்ரோஸ் தன் வரலாற்றில் முதல் முறையாகக் கோப்பையை வென்றபோது திருப்பிக் கொடுத்தது 1 கோடி டாலருக்கு மேல். அந்த முறை லாஸ் வேகஸில் பந்தயம் கட்டித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். அப்போது அமெரிக்காவில் முழு அளவில் விளையாட்டுப் பந்தயம் நடத்த நெவாடா மாநிலத்துக்கு மட்டுமே அனுமதி இருந்தது. 2018 மே 14-ல் மற்ற மாநிலங்களைத் தடுத்துவந்த சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு மாநிலத்துக்கு மாநிலம் பந்தய நிறுவனங்கள் முளைத்தன, ஒன்றோடொன்று போட்டி போட்டன. பெரிய தொகைகளை ஏற்கத் தயாரான நிறுவனங்கள் கிடைத்ததால்தான் அவருடைய திட்டமும் பெரிதாக வளர முடிந்தது.

2019 அவருக்குத் தோல்வி வருடம். அக்டோபர் தொடக்கத்தில் மிசிசிப்பியின் ஒரு கேசினோவுக்குப் போய், டிராஃப்ட்கிங்ஸ் நிறுவனத்தில் 35 லட்சம் டாலர் கட்டினார். 100 டாலர் கட்டினால் 220 டாலர் லாபம் என்ற விலை. இன்னும் பல இடங்களிலும் கட்டினார். வாஷிங்டன் நேஷனல்ஸுடன் நடந்த உலகத் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. ஏழு ஆட்டங்களிலும் வெளியூர் அணியே வென்ற விசித்திரத் தொடர் அது. சொந்த மைதானத்தில் நடந்த நான்கையும் ஆஸ்ட்ரோஸ் கோட்டைவிட்டது. கட்டிய பணம் போய்விட்டது. 1 கோடி டாலருக்கு மேல் இழந்த கடைக்காரர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தச் சலுகையை நம்பி விற்ற சாமான்கள் விற்றவைதான், அந்த வருமானம் கடையிலேயே இருக்கிறது என்பதைச் சேர்த்து எழுதியவர்கள் குறைவு.

பந்தயம் கட்டாமல் இதே பாதுகாப்பை வாங்க இன்னொரு வழி உண்டு. பரிசுக் காப்பீடு என்று ஒரு தொழிலே அமெரிக்காவில் இருக்கிறது. டல்லாஸில் 1986-ல் எஸ்சிஏ ப்ரமோஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர் பாப் ஹாமன். சீட்டாட்டமான பிரிட்ஜில் உலக சாம்பியன். கோல்ஃப் போட்டியில் ஒரே அடியில் பந்தைக் குழியில் போடுபவருக்குக் கார் பரிசு என்று அறிவிக்கும் கடைக்காரர், அந்தக் காரின் விலைக்குக் காப்பீடு எடுத்துவிடுவார். யாரும் போடாவிட்டால் பிரீமியத்தோடு செலவு முடிந்தது.

மெக்கிங்வேலுக்கு முன்பே ஃபர்னிச்சர் வியாபாரத்தில் இதைப் பெரிதாகச் செய்துகாட்டியது ஜோர்டன்ஸ் ஃபர்னிச்சர். பாஸ்டன் பகுதியில் பேர்பெற்ற கடை, வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே குழுமத்தைச் சேர்ந்தது. 2007 மார்ச் 7 முதல் ஏப்ரல் 16 வரை வாங்கியவர்களுக்கு, அந்த வருடம் ரெட் சாக்ஸ் உலகத் தொடரை வென்றால் எல்லாம் இலவசம் என்று அறிவித்தார்கள். அக்டோபரில் ரெட் சாக்ஸ் கொலராடோ ராக்கீஸை நான்கு ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்கடித்தது. பல்லாயிரம் பேருக்குப் பணம் திரும்பியது. முழுவதையும் ஏற்றது காப்பீட்டு நிறுவனம். ஜோர்டன்ஸின் திட்டம்தான் சுத்தமான வழி என்று சொல்வேன். விற்பனைக் காலம் குறுகியது, எவ்வளவு விற்றதோ அவ்வளவுக்கும் காப்பீடு, முதலாளிக்கு இரவுத் தூக்கம் கெடாது.

அப்படியானால் மெக்கிங்வேல் ஏன் பந்தய நிறுவனத்துக்குப் போகிறார்? காப்பீட்டு நிறுவனமும் தன் லாபத்தைச் சேர்த்தே விலை சொல்லும். பல பந்தய நிறுவனங்கள் ஒரே ஆட்டத்துக்கு வெவ்வேறு விலை தரும்போது, அலைந்து திரிந்து நல்ல விலையைப் பிடிக்க ஒரு வியாபாரிக்கு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. காப்பீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது செய்தி ஆகாது. 35 லட்சம் டாலருக்குப் பந்தயச் சீட்டு வாங்குவது செய்தி. கட்டும் அன்று ஒரு செய்தி, அணி ஒவ்வொரு சுற்று தாண்டும்போதும் ஒரு செய்தி, வென்றாலும் தோற்றாலும் கடைசியில் ஒரு செய்தி. ஒவ்வொன்றிலும் கேலரி ஃபர்னிச்சர் என்ற பெயர் வந்தே தீரும். ஹூஸ்டனில் மட்டும் கடை வைத்திருக்கும் ஒருவரின் பெயரை மற்ற நாடுகளில்கூடப் படிக்கிறார்கள். இத்தனை இடத்தைக் காசு கொடுத்து வாங்க அவரிடம் பணம் போதாது.

பந்தய நிறுவனத்துக்கும் இதே விளம்பரம் இலவசமாகக் கிடைக்கிறது. கடை முதலாளி ஒருவருக்கு 3 கோடி டாலர் கொடுத்தோம் என்பதை சீசர்ஸ் மறைத்து வைக்கவில்லை. அதைப் பார்த்த ஆயிரக்கணக்கானவர்கள் தாங்களும் ஐம்பது, நூறு டாலர் கட்டிப் பார்ப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்கு இந்த விஷயத்தில் உறுத்துவது இதுதான். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் ஒருவர் அதே அணி மேல் அதே விலைக்குக் கட்டும் சீட்டும், மெக்கிங்வேல் கட்டும் சீட்டும் பார்க்க ஒன்றாகத்தான் இருக்கும். மெக்கிங்வேலுக்கு எதிர்ப்பக்கத்தில் விற்றுமுடித்த மெத்தைகள் இருக்கின்றன. மற்றவருக்கு எதிர்ப்பக்கத்தில் எதுவும் இல்லை. தோற்றால் அவருடைய பணம் போனது போனதுதான். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல், மேக் ஜெயித்தார், மேக் தோற்றார் என்று மட்டும் எழுதும் செய்தி, பந்தய நிறுவனத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலையைச் செய்கிறது.

மெக்கிங்வேலின் எல்லாப் பந்தயங்களும் இந்த ஒழுங்குக்குள் அடங்கும் என்றும் சொல்ல முடியாது. 2022 பிப்ரவரி சூப்பர் பவுலில் சின்சினாட்டி பெங்கால்ஸ் மேல் இரண்டு தவணையாக சுமார் 95 லட்சம் டாலர் கட்டினார். ராம்ஸ் அணி 23-20 என்று வென்றது. அதே வருடம் மே மாதம் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் எபிசென்டர் என்ற குதிரை மேல் 20 லட்சம் டாலருக்கு மேல் கட்டினார். 80-க்கு 1 விலையில் ஓடிய ரிச் ஸ்ட்ரைக் கடைசி நொடிகளில் அதை முந்திவிட்டது. ஹூஸ்டன்காரருக்கு சின்சினாட்டி அணியோ கென்டக்கி குதிரையோ ஆஸ்ட்ரோஸ் அளவுக்கு மனசுக்கு நெருக்கம் இல்லை. விற்பனையை இழுக்கும் சக்தி குறைந்த ஆட்டத்தில் கட்டும் தொகை மட்டும் பெரிதாக இருந்தால், அதில் விளம்பரத்தின் பங்கு எவ்வளவு, மனிதரின் ஆசை எவ்வளவு என்று கேட்கத்தான் வேண்டும். என் கணிப்பில் இரண்டும் கலந்தே இருக்கிறது. நாற்பது வருடம் கேமரா முன் குதித்தவருக்கு ஆட்டத்தின் படபடப்பு பிடிக்காமல் இருக்காது.

இதே மாதிரி வாக்குறுதியைப் பாதுகாப்பு இல்லாமல் கொடுத்தவர்கள் பட்ட பாடும் பதிவில் இருக்கிறது. 1992-ல் பிரிட்டனில் ஹூவர் நிறுவனம், 100 பவுண்டுக்குச் சாமான் வாங்கினால் இரண்டு விமான டிக்கெட் இலவசம் என்றது. பிறகு அமெரிக்காவுக்கே டிக்கெட் என்றது. டிக்கெட்டின் விலையே சாமானைவிட அதிகம். கூட்டம் கூட்டமாக வந்து வாங்கினார்கள். நிறுவனத்துக்கு ஏறக்குறைய 5 கோடி பவுண்டு செலவானது, உயர் அதிகாரிகள் வேலை இழந்தார்கள், ஐரோப்பிய வியாபாரமே 1995-ல் இத்தாலியின் கேண்டி நிறுவனத்துக்குக் கைமாறியது. சீனாவின் வாட்டி நிறுவனம் அந்த அளவுக்குப் போகவில்லை. 2018 கால்பந்து உலகக் கோப்பையைப் பிரான்ஸ் வென்றால், குறிப்பிட்ட சமையலறைச் சாமான் தொகுப்புகளுக்கு முழுப் பணமும் வாபஸ் என்றது. பிரான்ஸ் குரோஷியாவை 4-2 என்று வென்றது. திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை சுமார் 7.9 கோடி யுவான். தொகுப்பையும் நாட்களையும் முன்பே கட்டுப்படுத்தி வைத்திருந்ததால், கம்பெனி தாங்கக்கூடிய செலவாக அது நின்றது.

இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது. டெக்சஸில் விளையாட்டுப் பந்தயம் இன்னும் சட்டவிரோதம். பந்தயச் செயலிகள் போன் இருக்கும் இடத்தைப் பார்த்தே பணத்தை ஏற்கும். ஹூஸ்டனில் உட்கார்ந்தபடி மெக்கிங்வேல் ஒரு டாலர்கூடக் கட்ட முடியாது. 2021 சூப்பர் பவுலுக்குக் கொலராடோவுக்கு விமானத்தில் பறந்துபோய், டாம்பா பே அணி மேல் 34 லட்சம் டாலருக்கு மேல் கட்டி 27 லட்சம் ஜெயித்தார். 2022 ஜனவரி இறுதியில் பக்கத்து மாநிலமான லூசியானாவில் மொபைல் பந்தயம் சட்டபூர்வமானதும் அவருக்கு வேலை சுலபமாகிவிட்டது. 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே காரில் போய், எல்லை தாண்டியதும் போனை எடுத்துக் கட்டிவிட்டுத் திரும்பிவிடலாம். சில நாட்களிலேயே அப்படித்தான் பெங்கால்ஸ் மேல் முதல் 45 லட்சத்தைக் கட்டினார். 2023 மே மாதம் டெக்சஸ் கீழவை, பந்தயத்தை அனுமதிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை 101-42 என்று நிறைவேற்றியது. செனட் அதை விவாதத்துக்கே எடுத்துக்கொள்ளவில்லை.